காரின் ஆக்சில்: வீட்டிலேயே கழற்றிப் பராமரிக்கலாமா?

வண்டியை முழுவதுமாகத் திருப்பும்போது முன் சக்கரத்திலிருந்து ‘டக் டக் டக்’ என்று ஒரு சத்தம் வருகிறது. நேராகப் போனால் சத்தம் இல்லை. ‘டயரில் ஏதோ கல் மாட்டியிருக்கும்’ என்று சொல்லிவிட்டு நாமும் போய்க்கொண்டே இருக்கிறோம்.

எங்கள் வீட்டு வண்டியிலும் இப்படித்தான் தொடங்கியது. நான்கு மாதம் அந்தச் சத்தத்தோடு திருவண்ணாமலைத் தெருக்களில் ஓட்டினோம். பிறகு ஆம்பூரில் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் புறப்பட்டு, போளூரைத் தாண்டியதும் ‘டமார்’ என்று ஓர் அதிர்வு. இன்ஜின் ஓடுகிறது, கியர் விழுகிறது, வண்டி மட்டும் நகரவில்லை. இரண்டு பெரியவர்களையும் மூன்று பிள்ளைகளையும் புளியமர நிழலில் உட்கார வைத்துவிட்டு, வண்டியைக் கட்டி இழுக்க ஆள் தேடி அலைந்தோம். கல்யாணத்துக்குப் போய்ச் சேரவில்லை. மெக்கானிக் வண்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கிழிந்த ஒரு ரப்பர் உறையை எடுத்துக் காட்டினார். சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை, சில ஆயிரங்களில் முடிந்தது.

அந்த அனுபவத்துக்குப் பிறகு இந்த வேலையைக் கேட்டும், கூட நின்று பார்த்தும், கடைசியில் நாங்களே செய்தும் கற்றுக்கொண்டோம். நம் குடும்பங்களில் பலர் இப்போது பழைய கார் வாங்கி ஓட்டுகிறார்கள். வேலூர் மருத்துவமனைக்கோ பாண்டிச்சேரி ஜிப்மருக்கோ அவசரமாகப் போக அந்த வண்டியைத்தான் நம்பியிருக்கிறார்கள். அவர்களுக்குப் பயன்படும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

ஆக்சில் என்ன வேலை செய்கிறது?

ஆல்டோ, வேகன்ஆர், ஸ்விஃப்ட் போன்ற பெரும்பாலான சிறிய கார்களில் இன்ஜினின் சக்தி முன் சக்கரங்களுக்குத்தான் போகிறது. கியர் பாக்ஸிலிருந்து இடது சக்கரத்துக்கு ஒன்று, வலது சக்கரத்துக்கு ஒன்று என இரண்டு இரும்புத் தண்டுகள் போகும். இவற்றைத்தான் மெக்கானிக்குகள் ஆக்சில் என்றும் டிரைவ் ஷாஃப்ட் என்றும் சொல்கிறார்கள்.

இந்தத் தண்டுக்கு இரண்டு வேலைகள். சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். அதே நேரத்தில், சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறினாலும், இடமும் வலமும் திரும்பினாலும் அதற்கேற்ப வளைந்துகொடுக்க வேண்டும். இரும்புத் தண்டு வளையாது. அதனால் இரு முனைகளிலும் மூட்டு வைத்திருக்கிறார்கள். இதுதான் சி.வி. ஜாயின்ட். சக்கரத்தின் பக்கம் இருக்கும் வெளி மூட்டுக்குள் பொதுவாக ஆறு இரும்புக் குண்டுகள் இருக்கும். கியர் பாக்ஸ் பக்கம் இருக்கும் உள் மூட்டுக்குள் பெரும்பாலும் மூன்று உருளைகள் இருக்கும்.

குண்டுகள் வைத்த இந்த மூட்டை 1920-களில் ஆல்ஃபிரட் ரெசெப்பா என்ற பொறியாளர் வடிவமைத்தார். இந்தியாவில் பொதுமக்கள் கைக்கு இது பரவலாக வந்தது 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்த பிறகுதான். அதற்கு முன் நம் சாலைகளில் ஓடிய அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் பின் சக்கரத்தால் ஓடும் வண்டிகள். அவற்றில் முன்பக்கம் இந்த மூட்டும் இல்லை, இந்த ரப்பர் உறையும் இல்லை.

இரண்டு மூட்டுகளின் மேலும் துருத்தி போல மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை இருக்கும். அதற்குப் பெயர் பூட். உள்ளே கருப்பு நிற கிரீஸ் நிரம்பியிருக்கும். இரண்டு கிளாம்புகள் அதை இறுக்கிப் பிடித்திருக்கும். மூட்டு தேய்வதற்கு முதல் காரணம் பெரும்பாலும் இந்த பூட் கிழிவதுதான். ரப்பர் கிழிந்தால், சுழலும் வேகத்தில் கிரீஸ் வெளியே தெறித்துவிடும். அந்த இடத்துக்கு மண்ணும் தண்ணீரும் போகும். பிறகு இரும்போடு இரும்பு மண்ணை வைத்து அரைப்பதுதான் நடக்கும்.

நம் ஊரில் ஏன் கூடுதல் கவனம்?

செம்மண் தூசி, அளவில்லாத வேகத்தடைகள், ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்கு ஏறும் வளைவுகள், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை என எல்லாமே இந்த ரப்பரின் மேல்தான் விழுகின்றன. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு நம் ஊரில் மலைச்சரிவு ஏற்பட்டு உயிர்களைப் பறிகொடுத்ததை மறந்திருக்க மாட்டோம். பக்கத்தில் ஊத்தங்கரையில் சாலையோரம் நின்ற வாகனங்களையே வெள்ளம் அடித்துச் சென்றது. அப்படிப்பட்ட தண்ணீரில் நின்ற வண்டியின் பூட்டில் சிறிய விரிசல் இருந்தாலும் போதும், மூட்டுக்குள் சேறு போய்விடும். கியர் பாக்ஸுக்குள் தண்ணீர் போயிருந்தால் கியர் ஆயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருக்கும். வெள்ளத்தில் நின்ற வண்டியை வாங்கப் போகிறவர்கள் இந்த இரண்டையும் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

மாதம் ஒரு முறை, பத்து நிமிடம்

பௌர்ணமி அன்று நம் ஊரில் நிலைமை என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க மக்கள் வெள்ளம். பேருந்துகள் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களில் நின்றுவிடும். ஊருக்குள் கார் எடுப்பது வீண் வேலை. வண்டி எப்படியும் வாசலில்தான் நிற்கப் போகிறது. அந்த நாளையே சோதனை நாளாக வைத்துக்கொண்டோம். பிறை பார்த்து மாதம் எண்ணும் நமக்கு இந்தக் கணக்கு மறக்காது.

இதற்கு எதையும் கழற்ற வேண்டாம், வண்டியைத் தூக்கவும் வேண்டாம். இன்ஜினை அணைத்து, கைப் பிரேக் போட்டு, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுவதுமாகத் திருப்பி வையுங்கள். டார்ச் அடித்து சக்கரத்தின் பின்பக்கம் பாருங்கள். ரப்பர் மடிப்புகளின் பள்ளத்தில் விரிசல் இருக்கிறதா? ரிம்மின் உள்பக்கத்தில் கருப்பு கிரீஸ் தெறித்திருக்கிறதா? கிளாம்ப் தளர்ந்திருக்கிறதா? பிறகு மறுபக்கம் திருப்பி அதே சோதனை. உள் மூட்டு கியர் பாக்ஸில் சேரும் இடத்தில் ஆயில் கசிந்திருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள்.

சத்தத்தை வைத்தும் ஓரளவு கண்டுபிடிக்கலாம். காலி மைதானத்தில் ஸ்டீயரிங்கை முழுவதுமாகத் திருப்பி, முதல் கியரில் மெதுவாக வட்டமடியுங்கள். ‘டக் டக்’ என்று வந்தால் வெளி மூட்டு தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். நேராகப் போகும்போது ஆக்சிலரேட்டர் அழுத்தினால் மட்டும் வண்டி உதறினால் உள் மூட்டைச் சந்தேகப்படுங்கள். வேகம் கூடக் கூட ‘ஊ…’ என்று இரைச்சல் கூடினால் அது பெரும்பாலும் வீல் பேரிங். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டீயரிங் நடுங்கினால் முதலில் வீல் பேலன்ஸ் பாருங்கள். சத்தம் கேட்டதும் ஆக்சிலையே மாற்றச் சொல்கிறவர்களிடம் இந்த வித்தியாசங்களைத் தெரிந்துகொண்டு பேசினால் வீண் செலவு மிச்சமாகும்.

விரிசல் தொடங்கியதும் பார்த்துவிட்டால் பூட்டும் கிரீஸும் மாற்றினால் போதும். சத்தம் வந்த பிறகு பூட் மட்டும் மாற்றிப் பயனில்லை. தேய்ந்த மூட்டு புது கிரீஸால் திரும்ப வளராது.

கழற்றுவதற்கு முன்

இனி கழற்றும் வேலைக்கு வருவோம். வீட்டிலேயே செய்ய முடியுமா? முடியும். ஆனால் எல்லோராலும், எல்லா வண்டியிலும் முடியாது. ஆட்டோமேட்டிக் கியர் வண்டி, நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, வாரண்டியில் இருக்கும் வண்டி இவற்றைத் தொட வேண்டாம். முதல் முறை செய்கிறவர்கள் அனுபவமுள்ள ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளாமல் இறங்க வேண்டாம்.

ஸ்டெப்னி மாற்ற வண்டியோடு கொடுத்திருக்கும் ஜாக்கி, சக்கரம் மாற்றுவதற்கு மட்டும்தான். அதை நம்பி ஒரு கையைக்கூட வண்டிக்கு அடியில் நீட்டக் கூடாது. செங்கல், ஹாலோ பிளாக், கருங்கல் அடுக்கி வைப்பதும் ஆபத்து. பாரம் தாங்காமல் அவை ஒரு நொடியில் உடையும் அல்லது சரியும். ஒரு ஜோடி இரும்பு ஆக்சில் ஸ்டாண்ட் கட்டாயம் வேண்டும். அது இல்லையென்றால் இந்த வேலையே வேண்டாம். ஆக்சிலை இன்னொன்று வாங்கிவிடலாம். அடியில் படுத்திருக்கும் வாப்பாவையோ தம்பியையோ எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

தரை சிமென்ட் தரையாக, சமமாக இருக்க வேண்டும். பின் சக்கரங்களின் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். தனியாகச் செய்யாதீர்கள். பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்பிவிடுங்கள்.

தேவையான மற்ற பொருட்கள்: ஆக்சில் நட்டுக்கு ஏற்ற பெரிய பாக்ஸ் ஸ்பேனர், நீளமான கைப்பிடி, டார்க் ரெஞ்ச், நெம்புகோல், ரப்பர் அல்லது பிளாஸ்டிக் சுத்தியல், சர்கிளிப் கொறடு, பழைய துணி. புதிதாக வாங்க வேண்டியவை: உங்கள் வண்டி மாடலுக்கான பூட் கிட், ஆக்சில் நட்டு, சர்கிளிப், ஆயில் சீல், கியர் ஆயில். ஆக்சில் நட்டு பழையதையே திரும்பப் போட வேண்டாம்.

கழற்றும் முறை

முதலில், நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்போதே ஆக்சில் நட்டைத் தளர்த்த வேண்டும். நட்டின் ஓரம் தண்டின் பள்ளத்துக்குள் தட்டி மடக்கப்பட்டிருந்தால் உளியால் நிமிர்த்துங்கள். சில வண்டிகளில் ஸ்பிளிட் பின் இருக்கும், அதை உருவுங்கள். ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்க, மற்றவர் நட்டை அரைச் சுற்று மட்டும் தளர்த்தட்டும். முழுவதும் கழற்றிவிட்டு வண்டியின் பாரத்தைச் சக்கரத்தில் விட்டால் பேரிங் கெட்டுவிடும். சக்கர நட்டுகளையும் இதே நேரத்தில் சற்றுத் தளர்த்திக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஜாக்கியால் தூக்கி, வண்டியின் கையேட்டில் காட்டியுள்ள இடங்களில் ஸ்டாண்ட் வையுங்கள். வண்டியைக் கையால் அசைத்துப் பாருங்கள். ஆடினால் இறக்கி மீண்டும் வையுங்கள். கழற்றிய சக்கரத்தை வண்டியின் ஓரத்துக்கு அடியில் படுக்க வைத்துவிடுங்கள். ஸ்டாண்ட் நழுவினாலும் அது தாங்கும்.

கியர் ஆயிலை இறக்குவதற்கு முன், ஆயில் ஊற்றும் துளையின் மூடி கழலுகிறதா என்று முதலில் பாருங்கள். இறக்கிய பிறகு ஊற்றும் மூடி கழலவில்லை என்றால் வண்டி வாசலிலேயே மாட்டிக்கொள்ளும். இறக்கிய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். கேனில் பிடித்து, பழைய ஆயில் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

பிறகு, சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் பகுதியை விலக்க வேண்டும். பல சிறிய கார்களில் கீழே உள்ள பால் ஜாயின்ட் போல்ட்டைக் கழற்றினால் போதும். சிலவற்றில் டை ராடையும் கழற்ற வேண்டியிருக்கும். பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். ஒயரும் இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஆக்சில் நட்டை முழுவதும் கழற்றி, தண்டை ஹப்பிலிருந்து உள்பக்கம் தள்ளுங்கள். வராவிட்டால், பழைய நட்டை முனைக்குச் சமமாகத் திருகி, மரக்கட்டை வைத்துத் தட்டுங்கள். இரும்புச் சுத்தியலால் மரையில் நேரடியாக அடித்தால் ஆக்சில் அதோடு முடிந்தது.

கடைசியாக, உள் மூட்டுக்கும் கியர் பாக்ஸுக்கும் இடையில் நெம்புகோல் கொடுத்து நிதானமாக நெம்புங்கள். உள்ளே இருக்கும் சர்கிளிப் ‘டக்’கென்று விடும். தண்டைப் பிடித்து வெளியே இழுக்கவே கூடாது. உள் மூட்டு உள்ளேயே பிரிந்து உருளைகள் விழுந்துவிடும். நெம்பும்போது ஆயில் சீலில் கீறல் விழாமல் பாருங்கள். இரண்டு பக்க ஆக்சிலையும் ஒரே நேரத்தில் உருவ வேண்டாம். சில கியர் பாக்ஸ்களில் உள்ளே உள்ள பல்சக்கரங்கள் இடம் மாறிவிடும்.

பூட் மாற்றுவதும் கிரீஸ் நிரப்புவதும்

பழைய கிளாம்பையும் பூட்டையும் வெட்டி எடுங்கள். மூட்டைப் பிரிப்பதற்கு முன் தண்டிலும் மூட்டிலும் ஒரே நேராகப் பெயின்ட் புள்ளி வைத்துக்கொண்டால் திரும்ப அதே நிலையில் சேர்க்கலாம். பழைய கிரீஸை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பாருங்கள். மணல் போல் நெருடினால் உள்ளே மண் போயிருக்கிறது. மூட்டைப் பிரித்து மண்ணெண்ணெயில் சுத்தமாகக் கழுவி, நன்றாக உலர விடுங்கள். புது ரப்பரில் மண்ணெண்ணெய் படக் கூடாது. குண்டுகளிலோ அவை உருளும் பள்ளங்களிலோ குழி விழுந்திருந்தால், கூண்டில் விரிசல் இருந்தால், மூட்டையே மாற்றிவிடுங்கள்.

கிட்டோடு வரும் சி.வி. கிரீஸை மட்டும் பயன்படுத்துங்கள். பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் இதற்கு ஏற்றதல்ல. கொடுத்திருக்கும் அளவில் ஒரு பாதியை மூட்டுக்குள் அழுத்தி, மறு பாதியை பூட்டுக்குள் வையுங்கள். கிளாம்பை இறுக்குவதற்கு முன் பூட்டின் சிறிய வாயை லேசாகத் தூக்கி உள்ளே அடைத்த காற்றை வெளியேற்றுங்கள். பூட் முறுக்கிக்கொள்ளாமல் நேராக உட்கார்ந்திருக்க வேண்டும்.

திரும்பப் பொருத்தும்போது

புது ஆயில் சீலின் உதட்டில் சிறிது ஆயில் தடவி, ஆக்சிலை நேராகத் தள்ளுங்கள். சர்கிளிப் பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்க வேண்டும். உள் மூட்டைக் கையால் இழுத்துப் பாருங்கள், வெளியே வரக் கூடாது. நக்கிளையும் பால் ஜாயின்டையும் பழையபடி பொருத்துங்கள். புது ஆக்சில் நட்டைப் போட்டு, பிரேக் அழுத்திய நிலையில் நன்றாக இறுக்குங்கள். பிறகு சக்கரத்தை மாட்டி வண்டியை இறக்கி, வண்டியை உருட்டுவதற்கு முன் டார்க் ரெஞ்சால் சர்வீஸ் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். ‘கை பலத்துக்கு முறுக்கினால் போதும்’ என்ற பேச்சு இங்கே செல்லாது. குறைந்தால் பேரிங் கெடும், கூடினால் மரை போகும். நட்டின் ஓரத்தைப் பள்ளத்துக்குள் தட்டி மடக்குங்கள், அல்லது ஸ்பிளிட் பின் போடுங்கள். சக்கர நட்டுகளை எதிரெதிராக இறுக்குங்கள். கியர் ஆயிலைச் சரியான மட்டத்துக்கு ஊற்றுங்கள்.

முதலில் தெருவுக்குள் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். 50 கிலோமீட்டர் ஓடியதும் கசிவு இருக்கிறதா, கிளாம்ப் இறுக்கமாக இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். ஸ்ட்ரட் போல்ட்டையோ டை ராடையோ கழற்றியிருந்தால் வீல் அலைன்மென்ட் அவசியம்.

ஓம்னி, ஈகோ, பொலேரோ வைத்திருப்பவர்களுக்கு

இவற்றில் பின் சக்கரத்துக்குத்தான் சக்தி போகிறது. ஆக்சில் இரும்புக் கூட்டுக்குள் மூடியிருப்பதால் பூட் பிரச்சினை இல்லை. பதிலாக, கிரவுன் ஆயிலை உரிய காலத்தில் மாற்றுவது, பின் பிரேக் டிரம்முக்குள் ஆயில் கசிகிறதா என்று பார்ப்பது, நீளமான புரொப்பெல்லர் ஷாஃப்டில் உள்ள கிராஸ் ஆடுகிறதா என்று பார்ப்பது ஆகிய மூன்றும் முக்கியம். டிரம்முக்குள் ஆயில் போனால் அந்தப் பக்கம் பிரேக் பிடிக்காது. அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

பழைய ஆக்சில் வாங்கலாமா?

சென்னை புதுப்பேட்டையில் பழைய உதிரிபாகங்கள் கிடைக்கும். வாங்குவதானால் உங்கள் ஆக்சிலையே கையில் எடுத்துக்கொண்டு போங்கள். நீளம், முனையில் உள்ள பற்களின் எண்ணிக்கை, இடதா வலதா, ஏ.பி.எஸ். வளையம் உண்டா என்று பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். மூட்டை வளைத்துச் சுழற்றும்போது எங்கும் சிக்கக் கூடாது, ஆடவும் கூடாது.

ஒரு முக்கிய எச்சரிக்கை

ஆக்சில் உடைந்த வண்டியைக் கியரில் போட்டு நிறுத்தினால் அது நிற்காது. கியர் பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் இருந்த பிடிப்பு அறுந்துவிட்டது. மலைப் பாதையில் இப்படி ஆனால் உடனே கைப் பிரேக்கை முழுவதுமாகப் போட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுத்த பிறகுதான் குடும்பத்தினரை இறக்க வேண்டும். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக் கூடாது. இதை வீட்டில் வண்டி ஓட்டும் ஆண், பெண் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

ஆக, எல்லோரும் ஆக்சிலைக் கழற்ற வேண்டியதில்லை. எல்லோரும் பூட்டைப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். கழற்ற விரும்புகிறவர்கள் தெருவில் நான்கு குடும்பம் சேர்ந்து ஒரு ஜோடி ஸ்டாண்டும் ஒரு டார்க் ரெஞ்சும் வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். பட்டறையில் கொடுப்பவர்கள், பூட் எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு போய்க் கொடுக்கலாம். எப்படியிருந்தாலும், அடுத்த பௌர்ணமிக்கு வண்டி வாசலில் நிற்கும்போது ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு பத்து நிமிடம் குனிந்து பாருங்கள். நாங்கள் அந்தப் பத்து நிமிடத்தைச் செலவழிக்காததால்தான் போளூர் சாலையில் பெரியவர்களையும் பிள்ளைகளையும் மரத்தடியில் உட்கார வைத்தோம்.